குட்டி விமானத்தில் என்ன கொடுப்பாங்க? ஒரு தூத்துக்குடி தம்பதியின் டைரிக் கணக்கு!

தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருடத்துக்கும் மேலாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அந்தப் பெரியவர். கப்பலில் இருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணி எழுதுவதுதான் அவர் வேலை. எது எத்தனை வந்தது, எத்தனை போனது என்று எழுதிவைக்காவிட்டால் இன்றைக்கும் அவருக்குத் தூக்கம் வராது.

மகள் சென்னையில் இருக்கிறாள். முன்பெல்லாம் முத்துநகர் எக்ஸ்பிரஸ்தான். சாயங்காலம் ஏறினால் விடிந்ததும் எழும்பூர். மனைவிக்கு முட்டிவலி வந்த பிறகு மேல் பெர்த் ஏறுவது முடியாத காரியம் ஆனது. "நீங்க ரெண்டு பேரும் ஃப்ளைட்ல வாங்க, டிக்கெட் நான் போடுறேன்" என்று மகள் சொல்லிவிட்டாள். வருடத்துக்கு மூன்று, நான்கு முறை வாகைக்குளம் விமான நிலையத்துக்கு ஆட்டோ போக ஆரம்பித்தது.

மூட்டை எண்ணிய கை சும்மா இருக்குமா? ஒரு பழைய டைரியில் கோடு போட்டார். தேதி, நேரம், அதற்குப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள். ஒன்றில் 'கொடுத்தது'. இன்னொன்றில் 'விற்றது'.

'விற்றது' கட்டம் சீக்கிரமே நிரம்பியது. சாண்ட்விச், முந்திரிப் பருப்பு, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் உப்புமா, நூடுல்ஸ், தேநீர், காபி. 'கொடுத்தது' கட்டத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு சொல்தான். தண்ணீர். அதையும் பக்கத்து சீட்காரர் கேட்டு வாங்கியதைப் பார்த்துத்தான் எழுதினார்.

"ஒரு டீ விலையில நம்ம ஊர்ல எட்டு டீ குடிக்கலாம்ட்டி" என்பார் மனைவியிடம்.

"நீங்க குடிக்கவும் வேண்டாம், கணக்குப் பாக்கவும் வேண்டாம். இந்தாங்க" என்று அந்த அம்மா சம்படத்தைத் திறப்பார். மிளகாய்ப்பொடி தடவி, நல்லெண்ணெய் ஊறிய நாலு இட்லி.

அந்த இட்லிக்கு மேலே போகப் போகத் தனி ருசி என்பது பெரியவரின் கருத்து. அது சும்மா பேச்சில்லை. பெரிய விமானங்களின் கேபின் காற்றழுத்தம் ஏறக்குறைய கொடைக்கானல் உயரத்தில் இருப்பது போலத்தான் வைக்கப்படுகிறது. காற்றும் வறண்டு கிடக்கும். இதனால் மேலே உப்பும் இனிப்பும் நாக்கில் மந்தமாகத் தெரியும் என்று ஜெர்மனியின் ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம், லுஃப்தான்சாவுக்காகச் செய்த ஆய்வில் கண்டது. உப்புமா சப்பென்று இருப்பதற்குச் சமையல்காரர் மட்டுமே காரணம் இல்லை. காரமும் எண்ணெயும் தூக்கலாக இருக்கிற பொடி இட்லிக்கு அந்தக் கவலை கிடையாது.

அந்த அம்மாவின் தங்கை கொழும்பில் இருக்கிறார். ஒருமுறை சென்னையில் இருந்து ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸில் அங்கே போனார்கள். அதுவும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரப் பயணம்தான். ஆனால், கேட்காமலேயே சாப்பாட்டுத் தட்டு வந்தது. அன்றைக்கு 'கொடுத்தது' கட்டத்தில் இடம் போதவில்லை. "பாத்தீங்களா, அவிய எப்படிக் குடுக்காவ!" என்று அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

பெரியவர் மசியவில்லை. "குடுக்கல. முன்னாடியே டிக்கெட்ல வாங்கிட்டான்" என்றார்.

இந்த விஷயத்தில் அவருக்கு ஒரு பழைய கதை கைவசம் உண்டு. தூத்துக்குடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். போட்டிக்கு நின்றது பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி. வெள்ளைக்காரன் கட்டணத்தைக் குறைத்தான். வ.உ.சியும் குறைத்தார். கடைசியில், 'டிக்கெட்டே வேண்டாம், ஏறு. கையில் ஒரு குடையும் வாங்கிக்கொள்' என்கிற அளவுக்கு வெள்ளைக்காரன் இறங்கி வந்ததாகச் சொல்வார்கள். 1908-ல் வ.உ.சி சிறைக்குப் போனார். 1911-ல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

"போட்டிக்கு ஆள் இல்லாமப் போனப்புறம் எவன் குடை குடுப்பான்?" என்று கேட்டுவிட்டுத்தான் பெரியவர் கதையை முடிப்பார்.

ஆகாயத்திலும் இதே கணக்குதான். 2003-ல் கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் வந்தபோது, சாப்பாட்டை எடுத்துவிட்டு டிக்கெட் விலையைக் குறைத்தது. 'சூரரைப் போற்று' பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். உபசாரத்துக்குப் பெயர் வாங்கிய கிங்ஃபிஷர் 2012-ல் பறப்பதையே நிறுத்தியது. இன்றைக்கு நம் ஊருக்கு வந்து போகிற சின்ன விமானங்களில் தின்பண்டம் காசுக்குத்தான். ஒரு ஏ.டி.ஆர். விமானத்தில் எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் உட்காருவார்கள். பணிப்பெண்கள் இரண்டே பேர். ஏறுகிற நேரம், இறங்குகிற நேரம் போக, தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வர அவர்களுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் பெரிது.

இதெல்லாம் தெரிந்த பெரியவர், தெரியாமல் செய்த தப்பு ஒன்று உண்டு. அவர் ஒருநாள்கூட தலைக்கு மேலே இருக்கிற பெல்லை அமுக்கியதில்லை. மனைவியையும் அமுக்க விட்டதில்லை. "கூப்பிட்டா ஏதாவது வாங்கணும். சும்மா இரி" என்பார்.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் மதிய விமானம். மழைக்காலம். பெரியவருக்குச் சர்க்கரை வியாதி. 'ஏறினதும் இட்லி சாப்பிட்டுக்கலாம்' என்று வீட்டிலேயே மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அவசரத்தில் இட்லிச் சம்படம் சமையல் மேடையிலேயே தங்கிவிட்டது. அது ஆட்டோ பாதி தூரம் வந்த பிறகுதான் தெரிந்தது. "பரவால்ல, உள்ள ஏதாவது வாங்கிக்கலாம்" என்றார். அவர் வாயில் இருந்து அந்த வார்த்தை வந்ததே அதிசயம்.

விமானம் தாமதம். இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், இப்படிப்பட்ட குறுகிய பயணங்களுக்கு விமான நிறுவனம் காத்திருக்கும் பயணிகளுக்குச் சாப்பிட ஏதாவது தர வேண்டும் என்பது விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி. அன்றைய தாமதம் ஒன்றே முக்கால் மணி நேரம். விதி எட்டவில்லை. 'இதோ கூப்பிட்டுவிடுவார்கள்' என்று பெரியவரும் எழுந்து போய் எதையும் வாங்கவில்லை.

ஒருவழியாக விமானம் கிளம்பியது. ஜன்னலில் உப்பளங்கள் வெள்ளை வெள்ளைக் கட்டங்களாகத் தெரிந்து மறைந்தன. மேகத்துக்குள் நுழைந்ததும் குலுக்கல் ஆரம்பித்தது. சீட் பெல்ட் விளக்கு அணையவே இல்லை. பணிப்பெண்களும் அவரவர் இடத்தில் பெல்ட் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். தள்ளுவண்டி வரவில்லை.

பெரியவருக்குக் கை நடுங்கியது. ஏ.சி-யிலும் சட்டை நனைய வியர்த்தது. "என்னங்க செய்யுது?" என்று கேட்டால், சம்பந்தமே இல்லாமல் பதில் சொன்னார். நாற்பது வருடம் கூட இருந்த அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சர்க்கரை இறங்குகிறது.

காலடியில் பேத்திக்காக வாங்கிய மக்ரூன் டப்பா இருந்தது. முந்திரி, சர்க்கரை, முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்து அடித்துச் செய்யும் நம்ம ஊர் மக்ரூன். வாயில் போட்டால் மெல்லவே வேண்டாம், கரைந்துவிடும். டப்பாவைக் கிழித்து ஒவ்வொன்றாக அவர் வாயில் வைத்தார். கூடவே, அதுவரை தொடாத அந்த பெல்லையும் அமுக்கினார்.

குலுக்கல் கொஞ்சம் அடங்கியதும் சீட்டுகளைப் பிடித்துக்கொண்டே ஒரு பணிப்பெண் வந்தாள். பேத்தியைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். "என்னாச்சும்மா?" என்று தமிழில் கேட்டாள். சொன்னதுதான் தாமதம், ஓடிப்போய் ஜூஸ் கொண்டுவந்தாள். நடைவழியில் முட்டி போட்டு உட்கார்ந்து, டம்ளரைப் பிடித்துக்கொண்டே குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நிமிர்ந்ததும் அவர் செய்த முதல் வேலை, சட்டைப் பையில் கை விட்டதுதான். "எவ்வளவும்மா?"

"ஒண்ணும் வேண்டாம் தாத்தா. முதல்லயே பெல் அடிச்சிருக்கலாம்ல? உடம்புக்கு முடியலைன்னா எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம். நாங்க இங்க இருக்கிறதே அதுக்குத்தானே" என்றாள் அவள்.

சென்னையில் டாக்டர் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். 'சாப்பாடு கண்ணில் தெரியாமல் இந்த மாத்திரையைப் போடக் கூடாது. மக்ரூன் ஆபத்துக்கு உதவியது சரி, ஆனால் இந்த மாதிரி நேரத்தில் குளுக்கோஸோ ஜூஸோதான் சீக்கிரம் வேலை செய்யும். பையில் எப்போதும் இருக்கட்டும்' என்றார். பேத்திக்கு, பாதி காலியான டப்பாவைப் பற்றித்தான் வருத்தம். "தாத்தா, எனக்கு வாங்கினதை நீங்களே சாப்பிட்டீங்களா?"

இப்போதெல்லாம் அந்த அம்மாவின் கைப்பையில் இட்லிச் சம்படத்தோடு ஒரு குளுக்கோஸ் பாக்கெட்டும் இருக்கிறது. மாத்திரையை இட்லி கைக்கு வந்த பிறகுதான் எடுத்துக்கொடுக்கிறார். உட்கார்ந்ததும், "இவருக்குச் சுகர் இருக்கும்மா" என்று பணிப்பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கிறார்.

டைரியிலும் ஒரு மாற்றம். 'கொடுத்தது', 'விற்றது' என்ற இரண்டு கட்டங்களுக்குப் பக்கத்தில் பெரியவர் மூன்றாவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார். 'கேட்டது'. போன முறை அதில் எழுதியது: 'தண்ணீர், இரண்டு முறை. சிரித்துக்கொண்டே கொடுத்தார்கள்.'