லாச்சிக்குள் கிடந்த அலாரம்

ஈஸ்ட்ஹாமில் அந்த வீட்டுக் கதவு திறந்ததும் பொரித்த மிளகாயின் காரம் தொண்டையைப் பிடித்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு அந்த வீட்டு அக்கா மோர்மிளகாய் பொரித்துக்கொண்டிருந்தார். லண்டன் தீயணைப்புப் படையிலிருந்து இருவர் அன்று வருவதாக இருந்தது. வீட்டுக்கே வந்து தீ அபாயங்களைப் பார்த்து, தேவையான இடத்தில் புகை அலாரத்தை இலவசமாகப் பூட்டிவிட்டுப் போவார்கள். எங்கள் ஆட்களில் இதைக் கேட்டு அழைப்பவர்கள் குறைவு. அதனால்தான் நேரில் பார்த்து எழுதப் போனேன்.

கிழக்கு லண்டனில் தெருத்தெருவாக நிற்கும் ஒட்டு வீடுகளில் ஒன்று. நுழைந்ததும் ஒடுங்கிய நடை, பக்கத்தில் மாடிப்படி, முன்னறை, பின்னறை, கடைசியில் குசினி. நடைச் சீலிங்கில் வெறும் அடித்தட்டு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அலாரம் குசினி லாச்சிக்குள், பற்றறி வேறாக, ரப்பர் பாண்டுகளோடு கிடந்தது.

"வெங்காயம் தாளிச்சாலே கத்துது தம்பி. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டால் சொல்லவே வேண்டாம். பிள்ளையள் திடுக்கிட்டு எழும்புதுகள் எண்டு கழட்டி வைச்சிட்டன்" என்றார் அக்கா.

எத்தனையோ வீடுகளில் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். இதை அலட்சியம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நாளுக்கு இரண்டு தரம் தாளிக்கிற வீட்டில், தாளிப்புக்கெல்லாம் கத்துகிற கருவியைக் குசினி வாசலில் பூட்டினால் அது லாச்சிக்குள்தான் போகும். சமையலை மாற்றச் சொல்வதில் பயனில்லை. மாற்ற வேண்டியது அலாரத்தின் வகையும் அது இருக்கும் இடமும்.

வந்தவர்களில் மூத்தவர் ஒரு பெண். அவரும் அக்காவைக் குறை சொல்லவில்லை. லாச்சியிலிருந்து அலாரத்தை எடுத்துப் பின்பக்கம் திருப்பிக் காட்டினார். கதிர்வீச்சுக் குறி ஒன்றும், பத்து வருடத்துக்கு மேல் பழைய திகதி ஒன்றும் இருந்தன. உள்ளே அமெரிசியம் 241 என்ற கதிரியக்கப் பொருள் மிகச் சிறிதளவு இருக்கும். அது கருவிக்குள்ளிருக்கும் காற்றில் மெல்லிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. நுண்துகள் புகுந்து அந்த ஓட்டம் குறைந்தால் அலாரம் கத்தும். கொழுந்துவிட்டு எரியும் தீயை இந்த வகை சட்டென்று கண்டுபிடிக்கும். ஆனால் சூடான எண்ணெயிலிருந்து எழுவதும் அதே அளவு நுண்துகள்தான். சோஃபாவோ மெத்தையோ கனன்று புகையும்போது வரும் தடித்த புகைக்கோ இது பிந்தித்தான் விழிக்கும். ஆட்கள் தூங்கும்போது கொல்வது பெரும்பாலும் அந்தப் புகை.

அவர்கள் கொண்டுவந்தது ஒளியால் வேலை செய்யும் வகை. இருட்டான சிறு அறைக்குள் ஒரு ஒளிக்கற்றை போகிறது. புகை புகுந்தால் ஒளி சிதறி, ஒதுக்கில் இருக்கும் உணரியில் படுகிறது, அலாரம் அடிக்கிறது. தாளிப்புக்கு இது முன்னையதைவிடப் பொறுமையானது. குளியலறை நீராவி இதையும் ஏமாற்றும் என்பதால் மேல்மாடியில் குளியலறைக் கதவிலிருந்து தள்ளிப் பூட்டினார்கள். கீழே நடையில் ஒன்று, மேலே படி முடியும் இடத்தில் ஒன்று. சுவரிலிருந்தும் விளக்கிலிருந்தும் 30 சென்ரிமீற்றராவது விலக வேண்டும் என்று அளவுநாடாவைப் பிடித்துக் காட்டினார். சுவரும் சீலிங்கும் சந்திக்கும் மூலையில் காற்று அசையாமல் நிற்கும், புகை அங்கே கடைசியாகத்தான் போய்ச் சேரும். இரண்டு திருகாணி, ஒரு திருப்பு, ஒரு 'கிளிக்'. பற்றறி உள்ளேயே அடைத்து வருவதால் ரிவி றிமோட்டுக்கென்று யாரும் கழற்ற முடியாது. பத்து வருடத்தில் அலாரத்தையே மாற்றிவிட வேண்டும்.

குசினிக்குப் புகை அலாரமே வேண்டாம், வெப்ப அலாரம் போடுங்கள் என்றார். அது புகையைப் பார்ப்பதில்லை. சீலிங்கை ஒட்டிய வெப்பம் ஏறக்குறைய 58 பாகைக்குப் போனால்தான் அடிக்கும். மிளகாய் பொரித்தாலும் வாய் திறக்காது, தாச்சி தீப்பிடித்தால் விடாது. பின்னேரமே அந்த வீட்டு அண்ணரும் நானும் கடைக்குப் போய் ஒன்று வாங்கினோம். பெட்டியில் பார்க்க வேண்டியது தர எண்: புகை அலாரத்துக்கு பிஎஸ் ஈஎன் 14604, வெப்ப அலாரத்துக்கு பிஎஸ் 5446-2. வானொலி அலையால் ஒன்றோடொன்று இணைந்து, ஒன்று அடித்தால் எல்லாம் அடிக்கிறவை இன்னும் நல்லவை. ஆனால் வெவ்வேறு கம்பனிகளின் அலாரங்கள் பொதுவாக ஒன்றோடொன்று இணையாது, வாங்கினால் ஒரே கம்பனியில் வாங்க வேண்டும். ஸ்கொட்லாந்தில் 2022 பெப்ரவரியிலிருந்து எல்லா வீடுகளுக்கும் இப்படி இணைந்த அலாரங்கள் கட்டாயம் என்று சட்டமே இருக்கிறது. இங்கிலாந்தில் வாடகைக்கு விடுபவர் ஆட்கள் புழங்கும் ஒவ்வொரு மாடியிலும் ஒரு புகை அலாரமாவது வைத்திருக்க வேண்டும். பாய்லர் இருக்கும் அறையில் காபன் மொனொக்சைட் அலாரமும் வேண்டும் என்பது 2022 ஒக்ரோபரில் வந்தது. வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைக் கேட்டு வாங்கத் தயங்கக் கூடாது, அது அவர்களுடைய உரிமை.

பின்னறை அலமாரியில்தான் சாமிப்படங்கள். விளக்கை அணையுங்கள் என்று சொல்லிவிடுவார்களோ என்று அக்கா தயங்கியபடிதான் கதவைத் திறந்தார். அந்தப் பெண் கேட்டது இரண்டே கேள்வி: விளக்கை எரியவிட்டுவிட்டு வெளியே போவதுண்டா, படுக்கப் போவதுண்டா. பிறகு விளக்கை ஒரு பித்தளைத் தட்டில் வைக்கச் சொன்னார், ஓரமாகத் தொங்கிய பட்டுத்துணியை அகற்றச் சொன்னார். சாம்பிராணி போடும்போது நடைப்பக்கக் கதவைச் சாத்தி, யன்னலைத் திறந்துவிட்டால் போதும். அப்படியும் அடித்தால் அலாரத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் சில நிமிடம் அடங்கியிருந்து தானாகவே விழித்துக்கொள்ளும். அக்காவின் முகம் அப்போதுதான் தெளிந்தது.

முன்னறைக் கட்டிலில் இருந்த அம்மம்மாவுக்குக் காது மந்தம். சோதனைப் பொத்தானை அழுத்தியபோது நாங்கள் எல்லாரும் காதைப் பொத்தினோம். அவரோ தன்பாட்டில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். மூன்று மீற்றர் தூரத்தில் 85 டெசிபெல் சத்தம் அது. இப்படியானவர்களுக்குத் தலையணைக்கடியில் வைத்து அதிரும் தட்டும் பளிச்சிடும் விளக்கும் இருக்கின்றன. அதைப் படிவத்தில் எழுதிக்கொண்டார்கள். இந்தத் தேவையை நாங்களாக யோசித்திருக்க மாட்டோம். அன்று நடந்ததில் எனக்கு மிகப் பெரிதாகப் பட்டது இதுதான்.

பராமரிப்பு அதிகமில்லை. மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பார்ப்பது, துவாரங்களில் தூசி அடையாமல் வாக்யூமால் இழுப்பது, சீலிங்குக்குப் பெயின்ற் அடிக்கும்போது அலாரத்தின் மேல் அடிக்காமல் விடுவது. நடுச்சாமத்தில் இடைவிட்டு 'கீச்' என்றால் பற்றறி தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இரவுக் குளிரில் மின்னழுத்தம் இறங்குவதால்தான் அது பெரும்பாலும் அந்த நேரம் பார்த்துக் கத்துகிறது.

புறப்படும்போது அவர்கள் கண்ணில் பட்டது கதவோரம் நின்ற மின் சைக்கிள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு மூத்த மகன் ஓடுவது. இரவு முழுக்க நடையிலேயே சார்ஜ் ஏறும். லித்தியம் பற்றறி வெடித்துப் பிடித்தால் தீ நொடிக்கணக்கில் பெருகும். சைக்கிள் நிற்பதோ மாடியில் படுப்பவர்கள் வெளியே ஓட வேண்டிய ஒரே வழியில். "அலாரம் உங்களை எழுப்பும். எழும்பி எந்தப் பக்கம் ஓடுவீர்கள்?" என்று அவர் கேட்டபோது மகனிடம் பதில் இல்லை. சார்ஜரும் சைக்கிளோடு வந்ததில்லை, இணையத்தில் மலிவாக வாங்கியது.

வளவின் பின்னால் கொட்டில் இருந்தது. அதற்கு கரண்ட் இழுக்க எவ்வளவு முடியும் என்று மின் வேலைக்காரரிடம் கேட்க அண்ணர் அங்கேயே போனை எடுத்தார். அதுவரை விழித்திருக்கும் நேரத்தில் மட்டும், பின்னறையில், சைக்கிள் கம்பனியின் சார்ஜரால் ஏற்றுவது என்று முடிவாயிற்று. மகன் சைக்கிளை உருட்டிக்கொண்டு போக, அந்த அறைக்கும் ஒரு அலாரம் வேண்டும் என்று அந்தப் பெண் மறுபடி ஏணியை விரித்தார்.