கடைசியாக வருபவர்

புனே நகரில் ஆய்வு மேற்கொண்டுள்ள ஐந்து நண்பர்கள் கடந்த நவம்பரில் ஹரிச்சந்திரகட் மலைக்கு ஓரிரவுப் பயணம் சென்றனர். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 1,420 மீட்டர் உயரத்தில் அமைந்த பழங்கோட்டை அது. பச்னை என்னும் சிற்றூரின் வழியே ஏறுவது எளிது. அவர்கள் தேர்ந்ததோ கீரேஷ்வரிலிருந்து தோலார் கணவாய் வழியாக ஏறும் நீண்ட பாதை. மலையின் மேற்கு விளிம்பில் உள்ள கொங்கண் கடா என்னும் செங்குத்துப் பாறைமுகட்டிலிருந்து சூரியன் மறைவதைக் காண வேண்டும் என்பதே அனைவரின் ஆவல்.

கணவாயைத் தாண்டியதும் இரும்புக் கம்பிகளைப் பற்றி ஏறவேண்டிய பாறைச்சரிவு வந்தது. அங்கேயே வேதியியல் ஆய்வாளர் தளர்ந்துவிட்டார். மேட்டுநிலத்தை அடைந்த பின்னும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உட்கார்ந்தார். முதலில் அனைவரும் காத்திருந்தனர். பின்னர் காத்திருக்கும் நேரம் குறைந்தது. கைக்கடிகாரத்தைப் பார்க்கும் தடவைகள் கூடின. "எனக்காக நிற்க வேண்டாம். வெளிச்சம் போய்விடும். நீங்கள் செல்லுங்கள், மெல்ல வந்துசேர்கிறேன்" என்றார் அவர். நால்வரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர். பின்பு நடந்தனர்.

சூரியன் மறைவதை அவர்கள் கண்டது உண்மை. ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு உறைந்து உருவான அந்தக் கரும்பாறை, உட்குழிந்த பிறைபோல் வளைந்து நிற்கிறது. கீழே கொங்கண் சமவெளியிலிருந்து காற்று மேல்நோக்கி வீசுகிறது. படங்கள் எடுத்தனர், மகிழ்ந்தனர். ஏழு மணிக்குக் கோயிலருகே இருந்த உணவுக்குடிலுக்குத் திரும்பியபோது, ஐந்தாமவர் அங்கு வந்திருக்கவில்லை. கைபேசியில் தொடர்பும் கிடைக்கவில்லை.

குடிலை நடத்தும் முதியவர் எதுவும் பேசாமல் கைவிளக்கை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அந்த மேட்டுநிலத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் சிறு குன்றுகள் வருகின்றன. மாடுகள் நடந்த தடங்களும் மனிதத் தடங்களும் பிரித்தறிய முடியாமல் கலக்கின்றன. முக்கால் மணி நேரத் தேடலுக்குப் பின், வறண்ட ஓடையொன்றின் அருகே கைபேசியின் சிறு வெளிச்சம் தென்பட்டது. வழி தவறியதை உணர்ந்ததும் அவர் மேலும் நடக்கவில்லை. இருந்த இடத்திலேயே அமர்ந்துவிட்டார். அதுவே அவரைக் காத்தது. விளிம்பு எங்கிருக்கிறதென்று அறியாமல் இருளில் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முதியவர் மட்டும் சொன்னார்: "மலையில் கடைசியாக வருபவரைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும், பிள்ளைகளே. முன்னால் போகிறவருக்கு வழி தெரியும்."

குடிலில் கடலைமாவில் கிளறிய பிட்லாவும் சூடான பாக்ரி ரொட்டியும் வந்தன. அவர் உண்ட வேகத்தைக் கண்டு வரலாற்று ஆய்வாளர் மெதுவாகக் கேட்டார், "காலையில் என்ன சாப்பிட்டீர்கள்?" நெடுநேரம் மௌனம். பிறகு எல்லாம் வெளிவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆய்வு உதவித்தொகை ஐந்து ஆண்டுகளுக்கே கிடைக்கும். கடைசி மூன்று ஆண்டுகளில் மாதம் 42,000 ரூபாய். முனைவர் பட்டத்தை முடிக்கவோ ஆறு ஆண்டுகள் வரை அனுமதி உண்டு. இவருக்கு ஐந்தாம் ஆண்டு ஜூலையில் முடிந்துவிட்டது. கைக்கு வந்த காலத்தில் அத்தொகையில் பாதி வீட்டுக்குச் சென்றுகொண்டிருந்தது. உதவித்தொகை நின்றதை வீட்டாரிடம் சொல்லவில்லை. நான்கு மாதங்களாக ஒருவேளை உணவு. மற்ற வேளைகளில் ஆய்வகத்துத் தேநீர்.

நண்பர்கள் நால்வரும் தலைகுனிந்திருந்தனர். ஒரே விடுதி, ஒரே உணவுக்கூடம். "ஆய்வகத்திலேயே சாப்பிட்டுவிட்டேன்" என்று அவர் சொன்னபோதெல்லாம் நம்பியிருந்தனர். நம்புவது வசதியாகவும் இருந்தது. ஒவ்வொருவருக்கும் சொந்தக் கெடு ஒன்று துரத்திக்கொண்டிருந்தது. அன்று மாலை மலைமீது செய்ததை அவர்கள் நான்கு மாதங்களாகவே செய்துவந்திருந்தனர்.

காலையில் கேதாரேஷ்வர் குகைக்குச் சென்றனர். குளிர்ந்த நீருக்கு நடுவே பெரிய இலிங்கம். சுற்றிலும் இருந்த நான்கு தூண்களில் மூன்று உடைந்துவிட்டன. ஒன்று மட்டும் முழுதாய் நிற்கிறது. நான்கும் நான்கு யுகங்கள், எஞ்சிய தூணும் விழுந்தால் கலியுகம் முடியும் என்பது அங்குள்ளோர் நம்பிக்கை. வேதியியல் ஆய்வாளர் அத்தூணைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "பாரம் முழுவதும் இதன்மேல்தான் போலும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரே சிரித்தார்.

இறங்கும்போது அவர் முன்னால் நடந்தார். மற்ற நால்வரும் அவர் நடைக்கேற்ப நடந்தனர். அவர் அமர்ந்த இடத்தில் அமர்ந்தனர். கீரேஷ்வரை அடைய இரண்டு மணி நேரம் தாமதமாயிற்று. பிடிக்கவேண்டிய பேருந்து போய்விட்டிருந்தது. அடுத்த பேருந்துக்காகச் சாலையோரத்தில் காத்திருந்த நேரத்தில், அவருடைய ஆய்வேட்டின் எஞ்சிய இரண்டு இயல்களில் எதை யார் படித்துத் திருத்தித் தருவது, உணவுக்கூடக் கணக்கில் எந்த மாதத்தை யார் ஏற்பது என்று பேசி முடித்தனர். அவர் மறுத்தார். வரலாற்று ஆய்வாளர் அந்த மறுப்பைக் காதில் வாங்காமல், பெயர்களை வரிசையாக எழுதிக்கொண்டிருந்தார்.