நடவு நட்ட முதுகை யார் பிடித்துவிடுவது?

குறுவை நடவு முடிந்த வாரம், தஞ்சைப் பக்கம் ஒரு காலனியில் கூட்டம் போட்டோம். நாங்கள் பேசப் போனது கூலியைப் பற்றி. பெண்கள் பேசியது இடுப்பு வலியைப் பற்றி. நாள் முழுக்கக் குனிந்து நட்டவர்களுக்குப் பாயில் நிமிர்ந்து உட்கார முடியவில்லை. மெடிக்கலில் வாங்கும் வலி மாத்திரைதான் வைத்தியம்.

சித்த மருத்துவத்தில் தொக்கணம் இருப்பதைச் சொன்னோம். தைலம் தடவி உடம்பைப் பிடித்துவிடும் முறை. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், அழுத்தல், இழுத்தல் என்று மொத்தம் ஒன்பது வகை. இறுகிய தசை தளரும், வலி கொஞ்ச நாள் அடங்கும். எலும்புத் தேய்மானத்தை அது சரிசெய்யாது. அதையும் மறைக்காமல் சொன்னோம். ஸ்பாக்காரர்கள் இதற்கு ஆயிரக்கணக்கில் பில் போடுகிறார்கள். அரசு மருத்துவமனை சித்தா பிரிவில் காசு கிடையாது.

மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: “நம்மளத் தொட்டுப் புடிச்சு விடுவாங்களா தங்கச்சி?”

உடனே பதில் வரவில்லை. இந்த மண்ணில் பண்ணையாள் முதுகுக்குக் கிடைத்தது சவுக்கடி. சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாதென்று 1944இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் எழுதவைக்க, பி. சீனிவாசராவும் விவசாயிகள் சங்கமும் போராட வேண்டியிருந்தது. நம் தலைமுடியைத் தொடவே மறுத்த ஊர்களில் சுளுக்கு நீவ யார் வந்திருப்பார்கள்? நம் பாட்டிமார்தான் தவிட்டு ஒத்தடம் கொடுத்து நீவிவிட்டார்கள்.

மறுவாரம் அக்காவோடு போனோம். பணியாளர் பெண் ஊர்ப் பெயரைக் கேட்டார், தெருவையும் கேட்டார். பிறகு தைலத்தைச் சூடாக்கினார். அக்கா குப்புறப் படுத்தார். கை பட்ட பிறகும் வெகுநேரம் உடம்பை இறுக்கியே வைத்திருந்தார்.