பழங்குரலும் புதுத்தாளமும்

நமது தோட்டத்திலே, பால் நிறுக்கும் கொட்டகையில், ‘சாம்பிள்’ என்னும் சொல்லுக்குப் பொருள் ஒன்றே. வெட்டுக்காரர் கொணர்ந்த பாலை நிறுத்தபின் அதிலிருந்து சிறிதளவு எடுத்துத் தனியே வைப்பார்கள். அதிலே நீர் எத்தனை பங்கு, உலர்ந்த ரப்பர் எத்தனை பங்கு என்று கணித்து, அக்கணக்கின்படி கூலி எழுதப்படும். எடுத்தது ஒரு கரண்டிப் பாலேயாயினும் அதற்கும் வெட்டுக்காரரின் எண் உண்டு. எண் இல்லாத சாம்பிளை நாம் செக்ரோலில் ஏற்றுவதில்லை. துளி எவருடையதோ கூலியும் அவருடையதே.

மேனாட்டு இசைவாணரும் இச்சொல்லையே வழங்குகின்றனர். பிறர் பாடிய பாட்டிலிருந்து ஒரு சொல்லையோ, பிறர் முழக்கிய முழக்கிலிருந்து நான்கு தட்டையோ வெட்டியெடுத்துத் தம் பாட்டிலே வைத்துக்கொள்ளுதற்கு அவர்கள் இட்ட பெயர் சாம்பிள் என்பதே. அங்கே அத்துளிக்கு எண் உண்டா, அதற்குரிய கூலி எவர் கணக்கில் ஏறுகின்றது என்று அறிய நமக்குச் சில காலமாகவே ஆவல். அதற்குக் காரணம் நம் வீட்டிலேயே உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

முதலில், இத்தொழிலின் மேன்மை விளங்கும் ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 2002ஆம் ஆண்டில் கொரியாவிலும் ஜப்பானிலும் உலகக் கிண்ணக் காற்பந்தாட்டம் நடைபெற்றது. நாம் அப்போது பள்ளிச் சிறுவர். தோட்டத்து மண்டபத்திலிருந்த தொலைக்காட்சியின் முன் கூட்டம் நெருங்கியிருக்கும். ஆட்டத்திற்கு இணையாக அங்கே ஆவலோடு பார்க்கப்பட்டது நைக்கி என்னும் காலணிக் கம்பெனியின் விளம்பரம். சரக்குக் கப்பலின் வயிற்றுக்குள்ளே ஓர் இரும்புக் கூண்டு. அதனுள் மும்மூவராக எட்டு அணிகள். மொத்தம் 24 ஆட்டக்காரர்கள். முதற் கோல் போட்ட அணிக்கே வெற்றி. நடுவராக எரிக் கண்டோனா. படமாக்கியவர் டெர்ரி கில்லியம் என்னும் திரைப்பட இயக்குநர். ரொனால்டோவும் ரொனால்டினோவும் ஃபீகோவும் அக்கூண்டுக்குள்ளே பந்தைத் துரத்த, பின்னணியில் ஒரு கனத்த குரல் உந்திக்கொண்டேயிருந்தது. அக்குரல் 1977ஆம் ஆண்டிலேயே மறைந்த எல்விஸ் பிரெஸ்லியின் குரல்!

பாட்டின் பெயர் ‘எ லிட்டில் லெஸ் கான்வர்சேஷன்’. ஆங்கிலப் பள்ளியிற் படிக்கும் பிள்ளை என்று பொருள் சொல்லும் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. பேச்சைக் குறைத்துக் காரியத்தைக் காட்டென்று காதலியை அவசரப்படுத்தும் பாட்டு என்று சொன்னோம். “இதைத்தானே பெரட்டுக் களத்தில் மண்டோர் தினமும் சொல்கிறார்” என்றார் ஒரு பெரியவர். மண்டபமே சிரித்தது.

இப்பாட்டின் வரலாறு சுவையானது. மேக் டேவிஸ், பில்லி ஸ்ட்ரேஞ்ச் என்னும் இருவர் இயற்றியது. 1968இல் எல்விஸ் நடித்த ஒரு திரைப்படத்திற்காகப் பதிவு செய்யப்பட்டது. இரண்டு நிமிடத்துக்குச் சற்றே மிகுந்த சிறு பாட்டு. அமெரிக்கப் பட்டியலில் 69ஆம் இடத்திற்கு மேல் ஏறவில்லை. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்காக எல்விஸ் அதனை மீண்டும் பாடினார். நிகழ்ச்சியோ பெரும்புகழ் பெற்றது. இப்பாட்டு மட்டும் அதில் இடம் பெறவில்லை. முப்பதாண்டுகள் உறங்கி 1998இலேதான் இரண்டாம் பதிவு இசைத்தட்டில் வெளிவந்தது. 2001இல் வெளியான ‘ஓஷன்ஸ் லெவன்’ என்னும் படத்தில் ஒலித்துச் சிலர் காதில் விழுந்தது. மறு ஆண்டு நைக்கி விளம்பரத்திற்காக அதனை நடனப் பாட்டாக மாற்றும் பணி டாம் ஹோல்கன்போர்க் என்னும் டச்சுக்காரருக்கு வாய்த்தது.

அவர் தமக்கு வைத்துக்கொண்டிருந்த தொழிற்பெயர் ஜங்கி எக்ஸ்எல். ஜங்கி என்பது போதை மருந்துக்கு அடிமைப்பட்டவனைக் குறிக்கும் சொல். எல்விஸின் இறுதிக் காலத்தை அறிந்தோருக்கு அப்பெயர் அவர் பெயரின் பக்கத்தில் நிற்பது எத்துணைக் கூசும் என்பது விளங்கும். ஆதலின் ஜேஎக்ஸ்எல் என்று மூன்றெழுத்தாகச் சுருக்கியே தட்டில் அச்சிட்டனர். எல்விஸின் உரிமையாளர் இத்தகைய மறுவார்ப்புக்கு இசைவளித்தது அதுவே முதன்முறை. இசைவு பெற்றே செய்தது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்க.

இனி, செய்யும் முறையைச் சிறிது நோக்குவோம். ஒலியென்பது காற்றின் அசைவு. அவ்வசைவின் உயரத்தை ஒரு விநாடியில் 44,100 முறை அளந்து எண்ணாக எழுதிவைப்பது குறுந்தட்டின் முறை. நம்மைப் போன்ற கிராணிகளுக்கு இது கேட்க இனிப்பான செய்தி. பாட்டும் முடிவில் கணக்கெழுத்துத்தானே! எண்ணாகிவிட்ட ஒலியை வெட்டலாம், ஒட்டலாம், திருப்பித் திருப்பி ஓட்டலாம். ஆனால் ஓர் இடையூறு உண்டு. 1968இல் வாசித்தவர் மனிதர். மனிதர் வாசிப்பில் தாளம் மயிரிழையளவு முந்தும், பிந்தும்; உணர்ச்சி மிகுமிடத்தில் விரையும். நடனக் கொட்டகையின் முழக்கமோ இயந்திரத்தினுடையது, அணுவளவும் பிறழாதது. பழங்குரலை அப்படியே அதன்மீது வைத்தால் நாலடி போவதற்குள் இரண்டும் பிணங்கும். ஆகவே குரலைச் சொற்றொடர் சொற்றொடராக வெட்டி, ஒவ்வொன்றையும் அதற்குரிய தட்டில் நிறுத்த வேண்டும். பழங்கருவிகளிலே வேகத்தைக் கூட்டினால் சுருதியும் கூடிவிடும். 33 சுற்றில் ஓடவேண்டிய கிராமபோன் தட்டை 45இல் ஓட்டினால் பாகவதர் கீச்சிடுவது போல. பின்னர் வந்த கணினி முறையில் வேகம் வேறு, சுருதி வேறு எனப் பிரித்தாளலாயிற்று.

அடுத்தது, கட்டும் முறை. விளம்பரப் பாட்டு எந்த இடத்திலும் அறுபடத் தக்கதாயிருத்தல் வேண்டும். மூன்று நிமிடப் படத்துக்கும் அதுவே, முப்பது விநாடிப் படத்துக்கும் அதுவே. எனவே பாட்டைச் செங்கல் செங்கலாக அடுக்குகின்றனர். அடியில் கனத்த முழவு. அதன்மேல் தாழ்ந்த தந்தி. அதன்மேல் கித்தார்த் துணுக்கு. அனைத்துக்கும் மேலே எல்விஸின் ஒரே சொற்றொடர் மீண்டும் மீண்டும். இடையிலே முழவைச் சட்டென நிறுத்திவிடுவர். கால் தூக்கியவன் வைக்க இடமின்றித் தவிப்பான். அந்தத் தவிப்பு முற்றிய கணத்திலே முழவு திரும்ப விழும். நம் உறுமிக்காரரும் சாமியாட்டத்தின் உச்சத்தில் இதே தந்திரத்தைச் செய்யக் கண்டிருக்கிறோம். அவருக்கு இயந்திரம் தேவைப்படவில்லை.

பழையது பழையதாகவேயிருக்கட்டும், தொட்டால் தீட்டு என்பாரைக் கேட்டு நாம் சலித்துவிட்டோம். இரண்டு பதிவையும் பலமுறை கேட்டபின் நாம் சொல்வது இதுவே: டச்சுக்காரர் செய்தது மூலத்தைவிட நன்று. 1968இல் அந்தக் குரலில் ஒளிந்திருந்த துடிப்பை அக்காலத்துப் பின்னணி முழுதும் வெளிக்கொணரவில்லை. 34 ஆண்டு கழித்து ஒருவர் வந்து கொணர்ந்தார். 2002 ஜூனில் அது இங்கிலாந்தின் பட்டியலில் முதலிடம் பெற்று நான்கு வாரம் நின்றது. அதனால் அந்நாட்டில் எல்விஸின் முதலிடப் பாட்டுகள் 18 ஆயின. 17 பெற்றிருந்த பீட்டில்ஸ் குழுவினர் பின்தங்கினர். இறந்தவர் உயிரோடிருந்தாரை வென்றார்! செப்டம்பரில் வெளிவந்த எல்விஸ் தொகுப்புத் தட்டில் 30 பாட்டுக்குப்பின் 31ஆவதாக இதனைச் சேர்த்தனர். காலணி விற்க வந்த பாட்டு, பாடகரின் பழைய தட்டுகளையும் சேர்த்து விற்றுக் கொடுத்தது.

எல்லாம் சரியே. எல்விஸ் பெயர் பெற்றவர். அவர் உரிமையைக் காக்க ஆட்கள் இருந்தனர். இயற்றிய இருவருக்கும் பங்குண்டு. பெயரில்லாதவன் கதி யாது?

கிளைட் ஸ்டப்பிள்ஃபீல்ட் என்பவர் ஜேம்ஸ் பிரவுன் என்னும் பாடகரிடம் முழவு வாசித்த கறுப்பினத் தொழிலாளர். தொழிலாளர் என்றே சொல்கிறோம். ‘ஃபங்கி டிரம்மர்’ என்ற பாட்டில், மற்றக் கருவிகளெல்லாம் அடங்கிய சில விநாடிகளில், அவர் தனியே வாசித்தார். 1970இல் வெளிவந்த அத்துணுக்கு, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாட்டுகளில் வெட்டி ஒட்டப்பட்டது. பாட்டை இயற்றியவரெனப் பதிவானவர் ஜேம்ஸ் பிரவுன். வாசித்தவருக்கு அவ்வெட்டுகளால் உரிமைப் பணம் வரவில்லை. அவர் 2017இல் மறைந்தார். கிரெகரி கோல்மன் கதை இதனினும் கொடிது. 1969இல் ‘வின்ஸ்டன்ஸ்’ குழுவின் தட்டொன்றின் பின்பக்கத்தில் அவர் ஏழு விநாடி வாசித்த முழக்கின்மேல் இங்கிலாந்தின் இளைஞர் ஒரு புதிய நடன இசையையே எழுப்பினர். கோல்மன் 2006இல் வறுமையில் இறந்தார். 2015இல் அன்பர்கள் நிதி திரட்டி 24,000 பவுன் கொடுத்தபோது அதனைப் பெற்றவர் குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சர், முழக்கியவர் இல்லை.

இதன் சூட்சுமம் நம்மைப் போன்ற தோட்டத்து மனிதருக்கு எளிதில் விளங்கும். முழவு வாசித்தவர் பெற்றது நாட்கூலி. தட்டின் உரிமையாளர் பெறுவது கிலோக் கணக்கு. மரம் பால் சுரக்கும் மட்டும் வரும். சட்டமும் பாட்டை இயற்றியவருக்கும் பதிவின் உரிமையாளருக்குமே கதவைத் திறக்கின்றது. 1991இல் நியூயார்க்கு நீதிபதி ஒருவர், களவை விலக்கும் விவிலியக் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கி, பிஸ் மார்க்கி என்னும் பாடகர் இசைவின்றி எடுத்த சாம்பிளைத் தடுத்தார். அதன்பின் இசைவு கேட்டுப் பணம் கொடுப்பது வழக்கமாயிற்று. ஆனால் கொடுத்த பணம் முழவுக்காரன் வீட்டுக்குப் போகும் வழியை அத்தீர்ப்பு காட்டவில்லை.

இனி வீட்டு விஷயம். நம் தமக்கை மகன் கணினியில் நடனப் பாட்டுகள் கட்டுபவன். சென்ற தீபாவளிக்குப் பட்டணத்துத் துணிக்கடை ஒன்றுக்கு விளம்பரப் பாட்டொன்று செய்து கொடுத்து 600 வெள்ளி பெற்றான். அதன் உயிர்நாடி, நம் தோட்டத்தில் வேலை ஓய்ந்த முதியவர் ஒருவரின் உறுமி. கோயில் திருநாளில் தன் கைப்பேசியில் பதிந்திருந்தான். வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும் அந்த விம்மலை வேறெவர் கையிலும் நாம் கேட்டதில்லை. முதியவர் மருந்து வாங்கப் பட்டணம் போனவர் கடைவாசலில் நின்றுவிட்டார். மாலையில் நம்மிடம் வந்து, “கிராணி ஐயா, அந்தக் கடையில் அடிப்பது என் கை” என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

மருமகனைக் கேட்டோம். “மாமா, நான் எடுத்தது நான்கு தட்டு. பத்து நாள் உட்கார்ந்து கட்டியது நான். அந்த டச்சுக்காரரை நீங்களே புகழவில்லையா?” என்றான். புகழ்ந்தது மெய். டச்சுக்காரர் இசைவு பெற்றவர் என்பதையும் சேர்த்துச் சொன்னோம். அவன் முகம் கடுத்தது. இரண்டு நாள் நம்மோடு பேசவில்லை. மூன்றாம் நாள் 200 வெள்ளியோடு வந்தான். இருவரும் லயத்திற்குப் போனோம். முதியவர் பணத்தை வாங்கிப் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, “பெயர் எங்கே வரும்?” என்றார்.

கடைக்காரரைக் கேட்டதில், முப்பது விநாடிப் பாட்டில் எவர் பெயருக்கும் இடமில்லை என்றார். வருகிற தீபாவளிக்கும் அதே பாட்டை நீட்டித் தரும்படி மருமகனைக் கேட்டிருக்கிறார். இம்முறை ஒரு தாள் எழுதினோம். கட்டியவர் ஒருவர், உறுமி வாசித்தவர் ஒருவர் என இரண்டு பெயர், இரண்டு பங்கு, கடையின் அறிவிப்புத் தாளிலும் கைப்பேசியில் பரப்பும் படத்திலும் இரண்டு பெயரும் அச்சாக வேண்டும். முதியவர் கைந்நாட்டு வைக்க மறுத்து, பேரன் எழுதிக் காட்டியதைப் பார்த்துப் பார்த்துத் தம் பெயரை எழுதினார். அரை மணி பிடித்தது. மருமகனும் ஒப்பமிட்டான். கடைக்காரர் ஒப்பமிட வேண்டிய இடம் இன்னும் வெறுமையாயிருக்கின்றது. வருகிற சனிக்கிழமை சம்பளப் பட்டுவாடா முடிந்ததும் அத்தாளோடு பட்டணத்துக்குப் போகிறோம்.