பவளத்திற்கு ஒரு நீல விளக்கு

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி வைத்து வண்ண மீன்களை வளர்ப்பது நம்மவர்க்குப் புதிதன்று. ஆனால், உயிருள்ள பவளத்தையே உப்புநீர்த் தொட்டியில் வளர்க்கும் இல்லங்கள் ஜெர்மனியில் பல உண்டு. பெர்லின் நகரத்து ஆர்வலர்கள் வகுத்த முறை இன்றும் ‘பெர்லின் முறை’ என்றே வழங்குகிறது. அந்நாட்டுப் பங்கு ஒன்றில் பணியாற்றி வரும் எனக்கு, மனைவியை இழந்த முதியவர் ஒருவர் தம் தொட்டிக்கு நீல விளக்குத் தேர்ந்தபோது உடனிருக்கும் வாய்ப்புக் கிட்டியது.

அவர் தொட்டியின் நடுவே மான்கொம்பு போலக் கிளைத்த பவளம் ஒன்று நிற்கிறது. 2009-ஆம் ஆண்டு அவருடைய மனைவி, தோழி ஒருவரின் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து விரல் நீளத் துண்டாக வெட்டி வாங்கி வந்தது. இன்று அதனை இரு கைகளாலும் அணைக்க வேண்டும். அந்த அம்மையார் நட்டவற்றுள் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பது இது ஒன்றே. (இதைப் படிக்கும் தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்து இளைஞர் எவரும் கடலில் இறங்கிப் பவளம் எடுத்துவர வேண்டா. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் 2001 முதல் நம் நாட்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளன. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளக் கல்லை வண்டி வண்டியாக வெட்டிய கரை அது, இழந்தது போதும்.)

இத்தனை ஆண்டுகள் அப்பவளத்திற்கு ஒளி தந்தவை குழல் விளக்குகள். பாதரசம் அடங்கிய பொதுவகைக் குழல் விளக்குகள் புதிதாகச் சந்தைக்கு வருவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் தடுத்தபின், தொட்டிக்குரிய குழல்களை விற்போரும் குறைந்தனர். அவரிடம் எஞ்சியிருந்தவையோ மங்கிவிட்டன. வெள்ளொளிக்கு எல்.இ.டி. விளக்கு ஒன்றை மகன் வாங்கித் தந்தார். அதற்குத் துணையாக எந்த நீல விளக்கு என்பதே கேள்வி.

நீலம் எதற்கு என்று வாசகர் வினவலாம். பவளம் செடியன்று, உயிரினம். அதன் தசைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவு சமைத்துத் தம் வீட்டுக்காரருக்கும் ஊட்டுகின்றன. கடல்நீர் சூரியனின் செந்நிறத்தை முதற் சில மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் விழுங்கிவிடும். தெளிந்த கடலில் ஆழம்வரை இறங்குவது நீலமே. எனவே அப்பாசிகள் நீலத்தை உண்டு வாழப் பழகியவை. அரை மீட்டர் ஆழத் தொட்டியால் ஒளியை அவ்விதம் வடிகட்ட இயலாது. கடல் செய்வதை அங்கே விளக்கே செய்தாக வேண்டும். (மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங் குழந்தையை நீல விளக்கின் கீழ்க் கிடத்துவதைத் தாய்மார் பலர் கண்டிருப்பர். அங்கும் ஏறக்குறைய இதே நீலந்தான், வேலை வேறு.)

கடையில் நீலமும் ஒரு நீலமாக இல்லை. 420 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியது ஊதா கலந்தது. 450-ஐ ஒட்டியது கருநீலம். 14,000 கெல்வின், 20,000 கெல்வின் என்று பெட்டிகளின்மேல் அச்சிட்டிருந்தார்கள். அந்த எண், ஒளி நம் கண்ணுக்கு எந்நிறமாய்த் தோன்றும் என்பதைச் சொல்லுமேயன்றி, பவளத்தின் பசியைப் பற்றி அதிகம் சொல்லாது. கருநீல விளக்கின் கீழ்ச் சில பவளங்கள் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் சுடர்விடுகின்றன. அவற்றின் உடலிலுள்ள புரதங்கள் நீலத்தை வாங்கி வேறு நிறமாய் உமிழ்வதால் நேர்வது இது. அச்சுடரைக் காட்டித்தான் விற்பனையாளர் பேசினார். முதியவர் அதில் மயங்கவில்லை.

இங்கேதான் பலர் பவளத்தைப் பறிகொடுக்கிறார்கள். மனிதக் கண்ணுக்குக் கருநீலத்தை உணரும் ஆற்றல் மிகக் குறைவு. விளக்கு வலுவாக எரிந்தாலும் நமக்கு மங்கலாகவே தோன்றும். போதவில்லை என்று எண்ணி இன்னொன்றை மாட்டுவார்கள். மிகுந்த ஒளியில் பாசிகளின் சமையல் நிலைகுலைந்து நச்சு பிறக்க, பவளம் அவற்றை வெளியே தள்ளிவிடும். பிறகு வெளுப்பு; தொடர்ந்தால் பட்டினிச் சாவு.

ஆகவே அவர் 450 நானோமீட்டர் விளக்கிலேயே, வெள்ளையைத் தொடாமல் நீலத்தை மட்டும் கூட்டவும் குறைக்கவும் வசதியுள்ளதைக் கேட்டு வாங்கினார். புள்ளியாய் எரியும் ஒற்றை விளக்கை வேண்டாமென்று, தொட்டியின் நீளத்திற்கு ஓடும் பட்டை விளக்குகள் இரண்டை இரு ஓரமும் பொருத்தினார். ஒரே முனையிலிருந்து வரும் ஒளி மேற்கிளையின் நிழலைக் கீழ்க்கிளைமேல் கிடத்தி அதனைச் சாகடிக்கும். குழல் விளக்கின் சிறப்பே ஒளியைப் பரப்புவதுதான். என் மனத்திற்கு அதனை முற்றும் ஈடுசெய்யும் எல்.இ.டி. இன்னும் படவில்லை.

பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவியை மீன் வளர்ப்போர் சங்கத்தில் இரவல் பெற்றார். பழைய குழல்களின் கீழ்க் கிளை நுனியில் 180 காட்டிய கருவி, புதிய விளக்குகள் முழு வலுவில் எரிந்தபோது 420 காட்டிற்று. எனக்கோ அறை முன்னைவிட இருண்டது போலிருந்தது! உடனே ஒளியை 40 விழுக்காட்டிற்கு இறக்கினார். வாரம் 5 விழுக்காடு உயர்த்தி, 60-இல் நிறுத்துவது என்று தீர்மானம்.

ஞாயிறு மாலைதோறும் அளவெடுத்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார். அதன் முற்பக்கங்களில் குழல் மாற்றிய தேதிகள் மனைவியின் கையெழுத்தில் உள்ளன. நான்காம் வாரத்துக் குறிப்பை என்னிடம் காட்டினார்: 55 விழுக்காடு, 231, கீழ்க்கிளைகள் வெளுக்கவில்லை.