கடலில் விழுந்த உத்திரங்கள்

இராமேசுவரம் தீவை நிலப்பகுதியுடன் இணைக்கும் பாம்பன் சாலைப் பாலத்தில் நீங்களும் ஒருமுறையேனும் பயணம் செய்திருக்கக்கூடும். 1988-இல் திறக்கப்பட்ட அப்பாலத்தில் நின்று பார்த்தால், ஒருபுறம் மன்னார் வளைகுடாவும் மறுபுறம் பாக் நீரிணைப் பகுதியும் விரிந்து கிடக்கும்.

2017-ஆம் ஆண்டு, உறவினர் இல்லத் திருமணத்திற்காகப் பாம்பன் சென்றபோது நானும் அங்கே நின்றேன். 1914-இல் திறக்கப்பட்ட பழைய இரயில் பாலத்தில் அப்பொழுது ஒரு வண்டி மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. உடன் வந்திருந்த பெரியவர், 1964 டிசம்பரில் வீசிய புயலை நினைவுகூர்ந்தார்.

அப்புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பயணிகளுடன் வந்த இரயில் கடலுக்கு இரையாயிற்று. பாம்பன் பாலத்தின் இரும்பு உத்திரங்களையும் அலைகள் அடித்துச் சென்றன. பாலத்தைச் சீரமைக்க இரயில்வே நிர்வாகம் வகுத்த கெடு ஆறு மாதங்கள். மேலதிகாரி அதனை மூன்றாகக் குறைத்தார். பொறுப்பேற்ற இளம் பொறியாளர் ஈ. ஸ்ரீதரனோ 46 நாட்களில் பணியை முடித்துவிட்டார். எவ்வாறு? கடலடியில் கிடந்த உத்திரங்களைத் தேடித் தூக்கி, மீண்டும் தூண்களின் மேல் பொருத்தினார்கள்.

"புதுசு வரட்டும்னு உட்கார்ந்திருந்தா இது நடந்திருக்குமா தம்பி?" என்றார் பெரியவர்.

அச்சொல் என்னைச் சுட்டது. வாப்பா விட்டுச்சென்ற வீட்டின் பங்குத் தகராறில், நானும் என் காக்காவும் ஏழு ஆண்டுகளாகப் பேசிக்கொள்ளவில்லை. மூன்று நாட்களுக்கு மேல் சகோதரனை வெறுத்து ஒதுங்கலாகாது என்னும் நபிமொழியைப் பிறருக்கு எடுத்துரைத்தவன்தான் நான். ஆயினும், "மூத்தவர் அவர், முதலில் அவரே வரட்டும்" என்று காத்திருந்தேன். ஒரே தட்டில் உண்ட நாட்களும், காய்ச்சலில் அவர் என்னைத் தோளில் சுமந்த இரவும் எங்கும் போய்விடவில்லை. நான்தான் குனிந்து எடுக்கவில்லை.

அன்றிரவே தொலைபேசியில் அழைத்து ஸலாம் சொன்னேன். சிறிது நேரம் மறுமுனையில் மௌனம். பின்னர் பதில் ஸலாமும், "சாப்பிட்டியாடா?" என்ற கேள்வியும் வந்தன. நெடுநேரம் என்னால் பேச இயலவில்லை.

பங்குத் தகராறு அன்றே தீர்ந்துவிடவில்லை. மேலும் ஓராண்டு பிடித்தது. ஆனால், அதனை எதிரெதிரே அமர்ந்து பேசியே தீர்த்தோம்.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் இரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இரும்பு தேய்ந்தால் வேறு பாலம் கட்டிக்கொள்ளலாம். உடன்பிறப்புக்கு மாற்று ஏது?

உங்கள் குடும்பத்திலும் இப்படியொரு பாலம் அறுந்து கிடக்கிறதா, வாசகர்களே? மறுபக்கத்தார் தொடங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இன்றிரவு உறங்குமுன் ஒரு ஸலாம் சொல்லிப் பாருங்கள்.