திராட்சை வற்றல்

மிரஜ் சந்திப்பிலிருந்து தாஸ்காவ் அதிகத் தொலைவன்று. பங்குனி மாதத்தில் அவ்வழியே செல்வோர், தோட்டங்களினிடையே கூரையிட்ட நீண்ட பந்தல்களையும், அவற்றுள் அடுக்கடுக்காய்க் கட்டிய வலைகளையும் காணலாம். நம் பாயசத்தில் மிதக்கும் கிஸ்மிஸ் உருவாகுமிடம் அது. இப்பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தும், என் குழந்தைகள் இருவரும் அது தனியொரு செடியில் காய்ப்பதென்றே எண்ணியிருந்தனர். மராத்தியர் அதைப் 'பேதாணா' என்பர். விதையற்றது எனப் பொருள்படும் பாரசீகச் சொல். அப்பெயரில் திராட்சை எங்கேயிருக்கிறது, குழந்தைகள் கண்டுகொள்ள?

சென்ற பங்குனியில் இருவரையும் ஒரு பந்தலுக்கு அழைத்துச் சென்றேன். விதையற்ற திராட்சைக் குலைகளை, பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் என்னும் எண்ணெய்ப் பொருளும் கலந்த நீரில் சில நிமிடம் முக்கியெடுத்து வலைமேல் பரப்புகிறார்கள். திராட்சைத் தோலின்மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் பூச்சு உண்டு. உள்ளிருக்கும் நீரை அது எளிதில் வெளியே விடாது. இக்குளியல் அம்மெழுகைத் தளர்த்திவிடுகிறது. பிறகு காற்று பார்த்துக்கொள்கிறது. நேர்வெயில் பட்டால் பழம் பழுப்பேறும். நிழலில் இரண்டு வார அளவில் உலர்ந்தால் பசுமஞ்சள் நிறம் நிற்கும். ஏறக்குறைய 4 கிலோ பழத்துக்கு 1 கிலோ கிஸ்மிஸ்.

"மீதி மூன்று கிலோ எங்கே போயிற்று, அப்பா?" என்றான் சிறியவன்.

பார்சல் அலுவலகத்தில் எடைக் கணக்கோடு நாளைக் கழிக்கும் எனக்கு அக்கேள்வி மிகவும் பிடித்திருந்தது. மறுநாளே 1 கிலோ பழம் வாங்கினேன். மருந்தேதும் சேர்க்காமல், கொதிநீரில் ஒரு கணம் முக்கி, மொட்டைமாடியில் பழைய வேட்டியொன்றில் பரப்பினோம். ஊரிலிருந்து வந்திருந்த என் அன்னையாரின் கொத்தவரங்காய் அருகிலேயே காய்ந்துகொண்டிருந்தது. மாலைதோறும் எடை பார்த்துக் குறிக்கும் பொறுப்பு என் பெண்ணுடையது.

முதல்நாள் குறிப்பில் 'சுக்லி' என்ற மராத்திச் சொல்லையே தமிழெழுத்தில் எழுதியிருந்தாள். அன்னையார் விடவில்லை. "இது வாடியிருக்கிறதடி, இன்னும் சுருங்கவில்லை" என்றார். மூன்றாம் நாள், "சுருங்கிவிட்டது, ஆனால் வற்றவில்லை. நசுக்கிப் பார், நீர் வருகிறது" என்றார். ஞாயிறு வகுப்பில் எத்தனை முறை எழுதியும் பதியாத சொற்களைக் குழந்தை விரலால் தொட்டுத் தொட்டுக் கற்றாள். வற்றற்குழம்பு உண்டே வளர்ந்தவளுக்கு, நீர் வற்றியதால் அது வற்றலாயிற்று என்பது அந்த மாடியில்தான் புலப்பட்டது. தம்பியின் மூன்று கிலோவுக்கும் அவளே விடை சொல்லிவிட்டாள்.

எட்டாம் நாள் எடை 240 கிராம். குறிப்பேட்டின் அட்டையில் 'திராட்சை வற்றல்' என்று தலைப்பிட்டிருந்தாள். கிஸ்மிஸ் என்று திருத்த எனக்கு மனம் வரவில்லை.

நிறம் கடைச்சரக்குப்போல் இல்லை, பழுப்புதான். சற்றே புளிப்பும் இருந்தது. பழம் மலியும் காலத்தில் செய்துபார்க்க விரும்பும் அன்பர்கள், மெல்லிய துணியால் மூடிவைத்து, இரவில் உள்ளே எடுத்துவிடவேண்டும். பனியும் ஆகாது, எறும்பும் ஆகாது.